பாதி மைதானம்

டயாலிசிஸ் பிரிவின் சுவரில் இருந்த டி.வி. சமையல் காட்டும், சோப்பு விளம்பரம் காட்டும், நாளைக்கு மழை வருமா என்று காட்டும். கால்பந்து மட்டும் காட்டாது. இந்த சீசன் தொடங்கும்போதே ஒளிபரப்பு உரிமை பழைய சேனலிடமிருந்து கைமாறி ஒரு புது ஆப் நிறுவனத்திடம் போய்விட்டது. ரேடியோவையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டம் நடக்கிற நேரத்தில் பழைய சேனலைப் போட்டால், கோட்டு சூட்டு மாட்டிய இரண்டு பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தங்களால் காட்ட முடியாத ஆட்டத்தைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் கட்டிலில் படுக்கும் பஸ் டிரைவருக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது கட்டில் கணக்கு டீச்சருடையது. இருவரும் நீல அணியின் பரம பக்தர்கள். போன வருடம் வரை சனிக்கிழமை மதியங்களில் ஊசி குத்தியதும் ஆட்டம் தொடங்கும். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வருவதெல்லாம் யாரோ ஒருவருக்கு நடப்பது போல நடந்து முடியும். இப்போது அந்த நான்கு மணி நேரமும் நான்கு மணி நேரமாகவே இருந்தது. டீச்சர் கூரையைப் பார்த்தபடி படுத்து, "மணி என்னங்க?" என்று கேட்பாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பஸ் புறப்பட்டாலும், தாமதமானாலும், ரத்தானாலும் ஒரே குரலில் சொல்பவர். கூட்டம் பதறும்போது தானும் பதறாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று உறுதியாக நம்புபவர். கால்பந்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் ஆட்டம் ஓடினால் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவார். ஆனாலும் மனைவிக்காக அவர்தான் அந்த ஆப்புக்குச் சந்தா கட்டினார். கடவுச்சொல் போட்டார், அது போதாது என்றது; பெரிய எழுத்து சேர்த்தார், எண் வேண்டும் என்றது; எண்ணும் சேர்த்தார், அது உங்கள் பழைய கடவுச்சொல் என்றது. பழையது என்று ஒன்று இருந்ததே இல்லை என்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துச் சொன்னார். அழைப்பு முக்கியமானது என்று ஒரு பெண்குரல் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது. தொழில்முறையில் அந்தக் குரல் அவருக்குப் பிடித்திருந்தது; பதில்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டம். நீலம் பச்சையை ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகும். சமன் செய்தாலும் போகாது. ஆட்டம் நடப்பதோ மருத்துவமனைக்கு அடுத்த தெருவில் இருக்கும் மைதானத்தில்.

ஆட்ட நேரம் வந்தது. எத்தனையாவதோ முயற்சியில் ஆப்பும் திறந்துகொண்டது. டீச்சரின் போனில் புல்தரை தெரிந்தது, வீரர்கள் வரிசையாக வந்தார்கள். டிரைவர் தலையணையில் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தார். பந்தை உதைத்ததும் படம் உறைந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அதே நேரத்தில் ஜன்னல் வழியாக, அடுத்த தெருவிலிருந்து "ஓ..." என்று பெரும் சத்தம் எழுந்து, அடங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் டிரைவர்.

யாருக்கும் தெரியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் ஒரு "ஓ" வந்தது. டிரைவரின் இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்து, கையை அசைத்துவிட்டீர்களா என்று கடிந்துகொண்டே குழாயைச் சரிசெய்தாள். ஊர் முழுக்க பார்க்கிற ஆட்டத்தை, சத்தம் காதில் விழுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு பார்க்க முடியவில்லையே என்று டிரைவர் புலம்பினார். மைதானத்துக்குப் போயிருக்கும் அவருடைய மருமகனை ஸ்கோரை மெசேஜில் அனுப்பச் சொல்லலாமே என்று நர்ஸ் யோசனை சொன்னாள்.

"ஸ்கோரை வச்சு என்ன சிஸ்டர் பண்றது? பசிச்சவன் கையில மெனு கார்டைக் கொடுத்த மாதிரி."

டீச்சர் போனை மார்பின் மேல் கவிழ்த்து வைத்தாள். கூரையைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று அறிவிப்பாளருக்குத் தெரிந்தது. அவள் கேட்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"மொட்டை மாடியில இருந்து மைதானம் தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

கொஞ்சம் தெரியும் என்றாள் நர்ஸ். துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறாளாம். அவர் மனைவியின் போனுக்குத் தன் போனிலிருந்து அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் ஏறினார்.

டீச்சர் பின்னாலிருந்து, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேங்க," என்றாள்.

"பார்க்கிறதைச் சொல்லப்போறேன். அவ்வளவுதானே?"

மாடியில் டயாலிசிஸுக்கான தண்ணீர் பிளான்ட் இரைந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கும் ஆபரேட்டர் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றி ஏற்கெனவே மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் விஷயத்தைச் சொன்னதும் நகர்ந்து இடம் கொடுத்தார். தான் பச்சை அணிக்காரன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மைதானம் தெரிந்தது. ஆனால் பாதிதான். மறுபாதியைப் புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடத்தின் முதுகு அடைத்திருந்தது. தெரிந்த பாதியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நீலச் சட்டைக்காரர்கள் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கனிவான கவனத்திற்கு. பச்சை அணி தற்போது இடது பக்கமாக முன்னேறி வந்துகொண்டிருக்கிறது. குட்டையான ஒருவரிடம் பந்து உள்ளது. நீல அணியின் தலைமுடி இல்லாத நபர் குறுக்கே வருகிறார். பந்து வெளியே சென்றுவிட்டது."

கீழே டிரைவர் சிரித்த சத்தம் போனில் கேட்டது. "அது மொட்டை! நம்ம கோல்கீப்பரு!" என்றாள் டீச்சர். அவள் குரலில் எத்தனையோ வாரங்களாக இல்லாத ஒரு துள்ளல் இருந்தது. அறிவிப்பாளர் அதைக் கேட்டார். போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

பந்து மறுபாதிக்குப் போனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "பந்து பார்வையில் இல்லை. திரும்பி வந்ததும் தெரிவிக்கப்படும்," என்பார். ஒருமுறை திரும்பி வந்தபோது பச்சை ஆள் மூன்று பேரைத் தாண்டி வந்து ஓங்கி உதைத்தான். அறிவிப்பாளர் அதே குரலில், "பந்து வலைக்குள் சென்றுவிட்டது," என்றார்.

"எந்த வலை?"

"நம் வலை."

அந்த "நம்" என்ற சொல் தன் வாயிலிருந்து எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆபரேட்டர் கொண்டாடவில்லை, பிளான்ட்டைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இனி நீலம் தாக்குவது இந்தப் பாதியில்தான். டீச்சர் போனிலேயே பாடம் நடத்தினாள்: உயரமாக, கையைக் காலை விரித்து ஓடுபவன் ஜிராஃப், பந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவன் கோந்து. அறிவிப்பாளர் சரி, சரி என்று கேட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் கோந்து ஒரு பந்தை நீட்டிவிட, ஜிராஃப் ஓடிப் போய்த் தட்ட, வலை குலுங்கியது. "கோல்!" என்றார் அறிவிப்பாளர். கீழே வார்டே அதிர்ந்தது. இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தின. நர்ஸ் யாரையோ அதட்டினாள். ஆபரேட்டர் மட்டும் அவர் தோளைத் தொட்டு, கோட்டோரம் கொடியைத் தூக்கி நின்ற ஆளைக் காட்டினார். ஆஃப்சைடு என்றார். அப்படியென்றால் என்ன என்று அறிவிப்பாளர் கேட்டார். கோல் இல்லை என்று அர்த்தம் என்றார் ஆபரேட்டர்.

"பயணிகள்... மன்னிக்கவும். அந்த கோல் ரத்து செய்யப்பட்டுள்ளது."

டிரைவர் போட்ட சத்தத்தில் போன் இரைந்தது. "உறுதி பண்ணிட்டுச் சொல்லுங்க சார்! இங்க உசிரு போயி உசிரு வருது!"

இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஆனால் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நர்ஸும் ஒரு பாட்டம் பாடினாள். அறிவிப்பாளருக்கு முகம் சிவந்தது. இத்தனை வருட வேலையில் கிளம்பாத பஸ்ஸைக் கிளம்பியது என்று அவர் சொன்னதே கிடையாது.

ஆகவே அடுத்த முறை கோந்து தானே உதைத்து, பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து, மைதானமே எழுந்து நின்று அலறியபோது, அவர் வாயைத் திறக்கவில்லை. கொடிக்காரனைப் பார்த்தார். நடுவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக அந்த அலறல் வார்டுக்குள் புகுந்திருந்தது.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

கொடி எழவில்லை. அவர் மறுபடியும் பார்த்தார்.

"ஏங்க, வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"பொறு... பொறு... பச்சைக்காரங்க பந்தை நடுவுக்குக் கொண்டுபோறாங்க... கோல் ஏற்கப்பட்டது! நம்ம கோல்தான்!"

கீழே டீச்சர் ஊசி இல்லாத கையால் கட்டில் கம்பியைத் தட்டுவது டங்டங்கென்று கேட்டது. மூன்றாவது, நான்காவது கட்டில்களிலிருந்தும் யாரோ விசிலடித்தார்கள். நர்ஸ் இப்போது யாரையும் அதட்டவில்லை. "எவ்வளவு நேரம் சார் பாக்கி இருக்கு?" என்று அவள்தான் கேட்டாள்.

கொஞ்சம்தான் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. சமன் போதாது. நீலச் சட்டைகள் எல்லாம் இந்தப் பாதிக்கே வந்துவிட்டன. அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. எப்போது கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காலை வைத்தார் என்று தெரியாது. ஆபரேட்டர் அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அவருடைய அறிவிப்புத் தமிழ் எங்கேயோ உதிர்ந்து போயிருந்தது.

"கோந்துகிட்ட பந்து... விடமாட்டேங்கிறான், ரெண்டு பேரு இழுக்கிறாங்க, விடமாட்டேங்கிறான்... குடுடா, குடு, அந்தப் பக்கம் ஆள் சும்மா நிக்கிறான்... குடுத்துட்டான்! தூக்கிப் போடுறான்... ஜிராஃப், ஜிராஃப் எகிறுறான்... தலை... அய்யோ உள்ள! உள்ளம்மா! உள்ள போயிடுச்சு!"

கொடியை அவர் பார்க்கவில்லை. ஆபரேட்டர்தான் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு, "கோல்தான் சார்," என்றார். வாழ்க்கையில் அவருக்கு அவ்வளவு கசப்பான வேலை வாய்த்திருக்காது. அறிவிப்பாளர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிறகு அவர் பச்சைக்காரர் என்பது நினைவுக்கு வந்து விலகினார்.

ஆட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காயத்துக்காகக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். பந்து மறுபாதிக்குப் போனது, போனது திரும்பவில்லை. நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக மாடத்தின் முதுகுக்குப் பின்னால் ஓடி மறைந்தன. பச்சையின் கோல்கீப்பர்கூட இந்தக் கோலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினான். தெரிந்த பாதியில் ஒரு ஈ காக்காய் இல்லை. வெறும் புல்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க," என்றார் அறிவிப்பாளர். "எனக்கு ஒண்ணும் தெரியலை."

"கீப்பரும் போனானா? அப்ப பச்சைக்குக் கார்னரு," என்றாள் டீச்சர். "போனை மைதானத்துப் பக்கம் நீட்டுங்க."

அவர் கையை முடிந்தமட்டும் நீட்டினார். பிளான்ட்டின் இரைச்சல் குறுக்கே வந்தது. ஆபரேட்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு உள்ளே போய், தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டு வந்தார். தொட்டி நிறைந்துதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார். சட்டென்று நிசப்தமானது. மைதானமும் நிசப்தமாக இருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். மாடியில் இரண்டு பேர், கீழே ஒரு வார்டு.

ஒரு உதை சத்தம். "ஐயோ" என்பது போல ஒரு முனகல் ஊர் முழுக்க எழுந்தது. அடுத்த நொடியே அந்த முனகல் உடைந்து, பிளந்து, பேரிரைச்சலாக வெடித்தது. மாடத்தின் மேல் விளிம்பில் நீலக் கொடிகள் எழும்பின. அதற்குள் நீண்ட விசில்.

அறிவிப்பாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது. ஆபரேட்டர் அவர் கையிலிருந்து போனை வாங்கி, "ஜெயிச்சிட்டீங்க," என்று கீழே சொல்லிவிட்டு, மோட்டாரைப் போடப் போனார்.

அறிவிப்பாளர் இறங்கி வந்தபோது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்துகொண்டிருந்தாள். அவரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். நோயாளிகள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம். டிரைவர் சிரித்துச் சிரித்து இருமினார். புது சீசனிலும் உரிமை அந்த ஆப்பிடமே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னார்.

டீச்சரின் கையிலிருந்து ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினார்கள். வழக்கமாக அதன்பிறகு அவள் துவண்டுபோய், வீடு சேரும்வரை பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்குவாள். அன்றும் துவண்டுதான் இருந்தாள்; தூங்கவில்லை. பஸ் முழுக்க நீலச் சட்டைக் கூட்டம் ஏறி ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தது.

அவர் கரகரத்த குரலில் அவள் காதருகே குனிந்து, "கடைசியில அந்தப் பக்கம் என்னதான் நடந்தது?" என்று கேட்டார்.

"மொட்டைதான்," என்றாள் அவள், நேரில் பார்த்தவள் போல. "கார்னர் வளைஞ்சு வந்திருக்கும். அந்தக் குட்டையன் எகிறி முட்டியிருப்பான். எல்லாரும் உள்ளதான்னு நினைச்சிருப்பாங்க. அப்பதான் அந்த முனகல். மொட்டை பின்னாடி போய்க்கிட்டே இருந்தவன், அப்படியே இந்தக் கையை..."

கட்டுப் போட்ட கையைத் தூக்கப் போனாள். அவர் பதறி அதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கை வேண்டாம், மற்றதைத் தூக்கு என்றார். அவள் மற்றதைத் தூக்கினாள்.