சூளையோடு பேரம்

என் மனைவி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பீங்கான் அச்சிடும் முப்பரிமாண இயந்திரம் ஒன்றை வாங்கிக் கார் ஷெட்டில் வைத்தாள். குழைத்த களிமண்ணைப் பற்பசை போலப் பிதுக்கி, இழைமேல் இழையாக அது அடுக்கும். கையால் வனையவே முடியாத, உள்ளுக்குள் வளைந்து நெளியும் குழல்களைக்கூடக் கட்டிவிடும். எல்லாம் சரி, ஆர்டர்தான் இல்லை. பழைய முதலாளி அவளைத் திரும்பக் கூப்பிட்டு, மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அந்த நேரத்தில் உலை செய்பவர் ஒருவரை நான்தான் பேசிப் பிடித்து வந்தேன். சூடான காற்று சுற்றிச் சுற்றிப் போக, தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் உருளை அவருக்கு வேண்டும். மாதிரி பிடித்துவிட்டால் தொடர்ந்து ஆர்டர். இல்லையென்றால் அவள் மறுபடி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அவள் மண் பிசைந்துகொண்டிருந்ததால், கணினியில் அளவு போடும் வேலை என்னிடம் வந்தது.

"காய்ஞ்சு வெந்து வரும்போது நூத்துக்குப் பதினெட்டு சுருங்கிடும். அதுக்குத் தக்கபடி பெருசாக்கிப் போடுங்க," என்றாள்.

நாங்கள் பரம்பரையாகக் கடை வைத்தவர்கள். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அங்கேதான் எங்களுக்குப் பேச்சே தொடங்கும். கல்யாணப் பேச்சில் பெரியப்பா என் வயதிலேயே இரண்டைக் குறைத்துச் சொன்னார்; இன்னும் ஒன்று குறையுமா என்று மாமனார் கேட்டதாகக் கேள்வி. அவர் மகள் பதினெட்டு என்றால் மனத்தில் பன்னிரண்டு வைத்திருப்பாள் என்பதுகூடவா எனக்குத் தெரியாது? பன்னிரண்டு போட்டேன். மண் மிச்சம் என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டேன்.

சூளை வாயே திறக்கவில்லை. பதினெட்டையும் முழுசாக வசூலித்துக்கொண்டது.

கெடுவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, உலைக்காரர் வந்து, உருளையைத் தன் இரும்புக் கூட்டில் இறக்கினார். டப்பாவில் மிஞ்சிய ஒற்றை மிட்டாய் போல அது குலுங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். சூட்டில் விரிவதற்கு இடம் விட்டிருக்கிறோம், வெளிநாட்டில் இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அளந்துவிட்டேன். அவர் ஆயுள் முழுக்க உலை கட்டியவர் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

"அதெல்லாம் இல்லைங்க. அளவு தப்பாப் போட்டுட்டோம்," என்றாள் மனைவி. "உள்ளே குழல் எல்லாம் சுத்தமா வந்திருக்கு. ஊதிப் பாருங்க."

அவர் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். மறுமுனையில் வைத்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காற்றைச் சோதித்தார். இன்னொன்று செய்ய எத்தனை நாள் என்று அவளிடம் கேட்டார். இரண்டு வாரம் என்றாள். ஒன்றில் முடியாதா என்றார். எனக்கு நாக்கு துடித்தது.

"அவசரமாக் காயவெச்சா விரிசல் விட்டுடும்ங்க. உங்ககிட்ட வந்து உடையறதுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்றாள்.

"சரிம்மா, ரெண்டாவே பண்ணுங்க. அது சரியா உக்காந்தா மத்த உலைக்கும் உங்ககிட்டதான்," என்றார். வாசல் வரை போனவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமே நான் போன் பண்ணினா தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க."

மறுநாள் பழைய முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் வேலை போனது எனக்கு மட்டும்தான். இப்போது மண் பிசைகிறேன். போதுமா என்பதை அவள்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள்.