விலக்கிக்கொண்ட சாட்சி

எல்லாம் பேசி முடித்து, மண்டபம் வரை விசாரித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா அந்த நிபந்தனையை வக்கீல் வீட்டு முன்னறையில் தூக்கிப் போட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அவர்கள் சபையில் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம்.

இரும்புக்கடைக்காரர் அவர். கெட்ட மனிதர் இல்லை. பிதா ஒருவரே தேவன், குமாரன் அவருக்குக் கீழே, ஆவி என்பது அவருடைய வல்லமை என்பது அவர்கள் சபையின் போதனை. மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை நம்பிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகம் கிடையாது.

பெண்ணைப் பெற்ற வக்கீலின் முதுகு சாதாரணமாகவே நாற்காலியில் சாயாது. இப்போது இன்னும் நிமிர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சபை மூப்பர் வீடு அது. மகளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதற்காக, அவள் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று ஒருவர் சொல்ல, தலையாட்டிவிடுவதா?

"மறுபடி எடுத்தா, முதல்ல எடுத்தது தப்புன்னு ஆகுது. வேதத்துலயே காட்டிடறேன், அப்புறம் பேசுவோம்," என்றார்.

"காட்டுங்க சம்பந்தி. திரித்துவம்ங்கிற வார்த்தை ஒரே ஒரு இடத்துல இருந்தாலும், நானே உங்க சபையில வந்து முழுகிடறேன்."

"வார்த்தை இல்ல. விஷயம் இருக்கு. யோவான் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. மூவரும் ஒன்று!"

அந்த வசனத்தைச் சொல்லும்போது அவருக்குக் கோர்ட்டுக் குரல் வந்துவிடும். அவருடைய அப்பா கடைசியாக வாய்விட்டுச் சொன்ன வசனம் அது.

மாப்பிள்ளைப் பையன் நெளிந்தான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகள்ல இல்ல. பின்னாடி யாரோ சேர்த்தது."

வக்கீல் சோபா ஓரத்தில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி போதகர். "டேய், இவர் சொல்றது நிஜமா?"

"அண்ணே, அதுல பல அபிப்பிராயம்..."

"வழவழன்னு பேசாதே. ஆமாவா, இல்லையா?"

"ஆமாண்ணே. படிக்கிற காலத்துலயே சொல்லிக் கொடுத்தாங்க."

"தெரிஞ்சேதான் அப்பா அடக்கத்துல அதை வெச்சுப் பிரசங்கம் பண்ணினியா?"

"அப்பாவுக்குப் பிடிச்ச வசனமாச்சே."

'எங்கள் வேதாகமத்தில் அச்சாகி இருக்கிறது, எங்களுக்கு அது போதும்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். தம்பி கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினார். ஆனால் அந்த வீட்டில் தகப்பனும் மகனுமாக வக்கீல் தொழில் பார்த்ததில், நிற்காத சாட்சி என்று தெரிந்தபின் யாரையும் கூண்டில் ஏற்றியதில்லை. எதிரிகளே ஒப்புக்கொள்ளும் பெருமை அது. அப்பாவுக்குப் பிடித்த வசனம் என்பதற்காக அப்பாவின் பெயரைக் கெடுப்பதா?

வக்கீல் எழுந்து நின்றார். "அந்தச் சாட்சியை நான் விலக்கிக்கிறேன்."

கடைக்காரர் தொடையைத் தட்டினார். "அப்ப கேஸ் முடிஞ்சுது!"

"அவசரப்படாதீங்க. ஒரு சாட்சி போனா கேஸ் போயிடாது. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்துச் சீஷன் தோமா 'என் ஆண்டவரே, என் தேவனே'ன்னான். அப்படிச் சொல்லாதேன்னு அவர் கண்டிச்சாரா?"

"பிதா என்னைவிடப் பெரியவர்னும் அவர்தானே சொன்னார்?"

"சொன்னார். நான் மறைக்கல. எங்க அப்பாவும் என்னைவிடப் பெரியவர்தான். அதுக்காக அவர் மனுஷன், நான் மனுஷன் இல்லைன்னு ஆயிடுமா?"

வக்கீல் விடவில்லை.

"ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்கச் சொன்னார்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே. நாமங்களிலேன்னு இல்ல. மூணு பேரைச் சொல்லி ஒரே நாமம். அந்த நாமத்துலதான் என் மக தண்ணியில இறங்கினா. இன்னொரு தடவை இறங்க மாட்டா. கல்யாணம் நின்னாலும் சரி."

காபித் தட்டோடு வந்த அவர் மனைவி அலுத்துக்கொண்டாள். "மூணும் ஒண்ணா இல்லையான்னு அப்புறம் பாருங்க. முதல்ல இந்த ரெண்டும் ஒண்ணாகட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற மகள் மெல்லச் சொன்னாள்: "நானும் இறங்க மாட்டேம்மா." அவள் குரல் நடுங்கியது. முதுகு மட்டும் அப்பாவின் முதுகு.

பையன் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க நாமக் கணக்கு எனக்கு ஏறல சம்பந்தி. ஏறும்னும் தோணல. ஆனா எங்க கடைத்தெருவுல தன் சரக்குல துரு இருக்குன்னு தானே சொல்ற ஆளை நான் பார்த்ததில்ல. இந்த வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுல உள்ளொண்ணு வெளியொண்ணு பேச மாட்டா. அவ உங்க சபைக்கே போகட்டும். நிபந்தனையை நானும் விலக்கிக்கிறேன்."

"பேரப்பிள்ளை பொறந்தா எந்தச் சபை?" என்று தம்பி வாயைக் கொடுத்தார்.

"அதுக்கு வாய்தா வாங்கிக்கலாம்," என்றார் வக்கீல். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு மகள் கண் கலங்கி அருகில் வந்தாள். "எனக்காகவா அப்பா, தாத்தாவோட வசனத்தை விட்டுக் கொடுத்தீங்க?"

"உனக்காக ஒரு எழுத்தைக்கூட விட மாட்டேன்," என்றார் வக்கீல். "அது யாரோ சேர்த்தது, நம்மோடது இல்ல. அதனால விட்டேன்."