ஆற்றின் நாற்பத்தொரு நோட்டுகள்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் அலமாரிகள் தண்டவாளத்தின் மேல் நிற்கும். பக்கத்திலுள்ள சக்கரத்தைச் சுற்றினால் ஒன்று நகர்ந்து இன்னொன்றுக்கு வழிவிடும். அன்று காலை பதினேழாம் சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டது. கீழ்த்தளத்துப் பொறுப்பிலிருந்த அக்கா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கமாக விழுந்த ஒரு மரப்பெட்டி தண்டவாளத்தை மறித்துக் கிடந்தது. அவருக்குப் பின்னால் வேறு ஏதோ அறிக்கைக்காகக் காத்து நின்றவள்தான் அந்தப் பெட்டியை வெளியே இழுக்கக் கை கொடுத்தாள். உள்ளே கித்தான் அட்டை போட்ட நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டைத் திறந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"அக்கா, இது நம்ம ஆறுக்கா. தினமும் காலைல ஆறு மணிக்கு தண்ணி எவ்வளவு உயரத்துல ஓடுச்சுன்னு எழுதியிருக்காங்க."

நாற்பத்தொரு நோட்டுகள். நாற்பத்தொரு வருடங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம். பழைய நீரேற்று நிலையத்தை மூடியபோது யாரோ லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பட்டியலில் 'இதர தாள்கள், ஒரு பெட்டி' என்று மட்டும் இருந்தது.

அவள் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. விடுதித் தோழிகள் அவளை 'வெள்ளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசையில்கூட வெள்ளத்தைப் பற்றியே பேசுகிறாள் என்று வைத்த பெயர் நூலகம்வரை வந்துவிட்டது. ஊருக்கு நடுவே ஓடும் ஆறு அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறும் என்பது அவளுடைய ஆய்வு. கரையில் புதிய நீரேற்று நிலையம் வரப்போகிறது. எந்த உயரத்தில் கட்டுவது என்று குடிநீர்த் துறை அவளுடைய பேராசிரியரைக் கேட்டிருந்தது. தானியங்கிக் கருவி பதிந்த பன்னிரண்டு வருடக் கணக்குதான் அதுவரை அவள் கையில் இருந்தது. அதை வைத்து நூறு வருடத்துக்குச் சொல்வது, ஒரு வாரம் பழகியவரைப் பார்த்து அவருடைய ஆயுளைச் சொல்வது மாதிரி. ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு வாரம் இருந்தது.

அக்கா பெட்டியை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். அங்கே புத்தகத்தைத் தொட்டில் போலத் தாங்கிக்கொண்டு படமெடுக்கும் இயந்திரம் இருந்தது. இரண்டே நாளில் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கங்களும் படமாகிவிட்டன. ஆனால் ஒன்றுக்கும் ஏழுக்கும் ஒரே கொக்கி போட்ட அந்தக் கையெழுத்தைப் படிக்க எந்த மென்பொருளுக்கும் வரவில்லை. கணினி மையப் பொறுப்பாளர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யார் எந்த அவசரத்தோடு வந்தாலும் "பொறுமையா இருங்க" என்று தொடங்குவதால் மாணவர்களுக்கு அவர் பொறுமை சார்.

"பொறுமையா இரும்மா. மனுஷங்கதான் அடிக்கணும். ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு தடவை."

"நானே ரெண்டு தடவை அடிச்சிடறேன் சார்."

"ஒரே ஆள் ரெண்டு தடவை அடிச்சா ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணுவாங்க. ரெண்டு வேற ஆள் வேணும்."

ஆயிரம் பக்கத்துக்கு ஆளுக்கு எங்கே போவது? அவள் முகம் வாடியதை அக்கா கவனித்திருக்க வேண்டும். மறுநாள் காலை கணினிக் கூடத்தின் வாசலில் கையால் எழுதிய ஒரு அட்டை தொங்கியது: 'உங்கள் வேலையைத் தொடங்குமுன் ஒரு பக்கம் ஆற்றைத் தட்டச்சு செய்து கொடுங்கள். பத்து நிமிடம் போதும்.'

கூடத்தில் அறுபது கணினிகள். அடையாள அட்டையைக் காட்டினால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பணக்கார வீட்டுப் பிள்ளையும் பகுதிநேர வேலைக்கு நடுவே ஓடி வருகிறவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அதுதான் வீடு. முதல் வருடம் சொந்தக் கணினி இல்லாமல் அவளும் அங்கேதான் கிடந்தாள். ஆனால் அந்தக் கூடத்தை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். சட்டம் படிப்பவர்கள், இசை படிப்பவர்கள், பெயர் தெரியாத துறைக்காரர்கள் எல்லோரும் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்து அடித்தார்கள். "உங்க ஆறு இன்னிக்கு ரொம்ப ஏறிடுச்சுங்க" என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இருவர் அடித்தது பொருந்தாத இடம் சிவப்பாகத் தெரியும்படி பொறுமை சார் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். சிவப்பை மட்டும் அவள் மூல நோட்டோடு ஒப்பிட்டால் போதும். ஒரு மாதத்தில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இப்படி அறிமுகமே இல்லாமல் வந்து உதவுகிறவர்களுக்கு நன்றி சொல்லி மாளாது என்று தோன்றி, நன்றி சொல்வதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் அந்த நர்ஸ் அவளைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடித்துவிட்டு மூன்று மணிக்கு நிர்வாகப் படிப்புக்காக வருகிறவர். வெள்ளைச் சீருடையின் மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார். தினமும் இரண்டு பக்கமாவது அடித்துக் கொடுப்பார்.

"ஒரு நிமிஷம் வாங்களேன். இந்தப் பக்கத்தைப் பாருங்க."

அவள் பார்த்தாள். மற்ற பக்கங்களைவிடச் சுத்தமாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"அதான் பிரச்சனை. மத்த பக்கத்துல நாளுக்கு நாள் மை மாறுது. மழைல எழுத்து கரைஞ்சிருக்கு. இதுல முப்பது நாளும் ஒரே மை, ஒரே அழுத்தம். கடைசி எண் எல்லாமே பூஜ்யம், இல்லன்னா அஞ்சு." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "வார்டுல பேஷன்ட்டைப் பாக்காமலே டெம்பரேச்சர் எழுதினா சார்ட் இப்படித்தான் இருக்கும். நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அதுவும் அப்படியே. இருபத்து மூன்றாம் நோட்டில் மழைக்காலத்தின் நடுவில் தொடங்கி ஏழு மாதங்கள், ஆற்றைப் பார்க்காமலே எழுதப்பட்டிருந்தன.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குடிநீர்த் துறைக்கு எட்டு மீட்டர் என்று போன வாரம்தான் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்.

"நாப்பத்தொரு வருஷத்துல ஏழு மாசம். அது அவ்வளவு பெரிய விஷயமா?"

"அந்த ஏழு மாசத்துலதான் பெரிய மழை சார். நோட்டுல இருக்கறதை நம்பினா எட்டு மீட்டர் வருது. அது பொய்யின்னா நமக்கு ஒண்ணுமே தெரியாது."

"உனக்கு இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்கு."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "உன் பேருல வர்ற ஆய்வேடு. நீயே முடிவு பண்ணு" என்றார். கோபமா, விட்டுக்கொடுத்தலா என்று அந்தக் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் நேரே கீழ்த்தளத்துக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்ட அக்கா "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டாம் சக்கரத்தைச் சுற்றி, ஆளுயரப் பலகை போலிருந்த பைண்டு செய்த செய்தித்தாள் தொகுதியைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினார். ஒரு பக்கத்தில் அக்காவும் மறு பக்கத்தில் அவளும் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்த அக்கா ஒரு மூலைச் செய்தியில் விரலை வைத்தார். ஆற்றின் நடுவே நட்டிருந்த அளவுகோல் கம்பத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதென்றும், புதிதாக நட நிதி ஒதுக்கக் கோரிக்கை வைக்கப்பட்டிருப்பதாகவும் நான்கு வரி. ஏழு மாதம் கழித்துப் புதுக் கம்பம் நட்ட செய்தியும் இருந்தது.

"பாவம்" என்றார் அக்கா. "கம்பமே இல்ல. ஆனா நோட்டு மட்டும் தினமும் நிரம்பணும்னு மேல ஒரு ஆளு இருந்திருப்பான்."

நோட்டு எழுதிய அந்த முகம் தெரியாத மனிதரின் மேல் அதுவரை அவளுக்கிருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பம் இல்லாத கரையில் காலை ஆறு மணிக்கு நோட்டோடு நின்று, தண்ணீரைக் கண்ணால் அளந்து, சம்பளத்துக்காக ஒரு எண்ணை எழுதியிருப்பாரா? முதல் வாரத்தில் அப்படிச் செய்துவிட்டுப் பிறகு வீட்டிலிருந்தே எழுதத் தொடங்கினாரா? முந்தைய இருபத்திரண்டு வருடமும் மழையில் நனைந்தபடி எழுதியவரும் அவரேதான்.

கம்பம் போன அதே வாரத்துச் செய்தித்தாள் ஒன்றின் முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. வெள்ளம் உச்சத்தைத் தொட்ட காலை. தபால் நிலையத்தின் மூன்றாவது கல்படியில் தண்ணீர் நிற்கிறது. நான்காம் படியில் ஒருவர் தபால் மூட்டையோடு நிற்கிறார். அந்தத் தபால் நிலையம் இன்றும் இருக்கிறது. சுவரில் நில அளவைத் துறை பொறித்த உயரக் குறியும் இருக்கிறது. குறியிலிருந்து படிவரை அளந்துவிட்டால், அந்த ஏழு மாதப் பொய் எண்களுக்குப் பதில் வெள்ளத்தின் உண்மையான உச்சம் கிடைத்துவிடும்.

கணினி மையத்தின் பெரிய கணினியில் அவளுடைய கணக்கு மறுபடி ஓட மூன்று நாள் வேண்டும். வரிசையோ இரண்டு வாரத்துக்கு நீண்டிருந்தது. பொறுமை சார் அவளைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. வரிசையில் முன்னால் இருந்த ஆறு பேருக்கும் அவரே விஷயத்தை எழுதினார். மாலைக்குள் ஐந்து பேர் 'நாங்க அப்புறம் ஓட்டிக்கறோம்' என்று பதில் போட்டார்கள். ஆறாவது ஆள், வானியல் துறைக்காரர், நட்சத்திரங்கள் எங்கேயும் போய்விடாது என்று எழுதியிருந்தார்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்கு உன் முறை. அதுக்குள்ள அந்தப் படியோட உயரம் எனக்கு வரணும்" என்றார் பொறுமை சார்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு அவள் இரும்பு அளவு நாடாவோடும் ரசமட்டத்தோடும் தபால் நிலையத்துக்குப் போனபோது, பேராசிரியர் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். நாடாவின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு சுவர்க் குறியில் வைத்து அழுத்தினார்.

"குறில கரெக்டா வெச்சிருக்கேன். நீ இழு."

சுவரிலிருந்து படியின் நேர்க்கோட்டுக்கு ஒரு மரச்சட்டத்தை நீட்டி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை அசைத்து நிறுத்தினாள். நாடாவைச் செங்குத்தாக இறக்கினாள். மணியார்டர் கட்ட வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒரு செண்டிமீட்டர் மாறின. மூன்றாவது முறை அளக்க வேண்டியிருந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. காதோடு தோளில் இடுக்கிய போனில் பொறுமை சார் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் குளிரூட்டிகளின் இரைச்சல் கேட்டது.

"குறிக்குக் கீழ..." என்று அவள் தொடங்கினாள். நாடா அசைந்தது.

உள்ளிருந்து பையோடு வேகமாக வந்த தபால்காரர் நாடாவைக் கண்டதும் நின்றுவிட்டார். ஒரு கால் நான்காம் படியில். மற்றக் கால் மூன்றாம் படிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில். அதை அவர் பின்னால் இழுக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, அவள் எண்ணைப் படித்து முடிப்பதற்காக அப்படியே நின்றார்.