இரண்டு இஞ்சு சேகரன்

ஓட்டக்காரன் கை முந்துமா, இறகுப்பந்து ஆடுகிறவன் கை முந்துமா, கோல்கீப்பர் கை முந்துமா? மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் மூன்றாம் வருடம், ஜாசின் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஆண்கள் சோறு தண்ணி மறந்து சண்டை போட்டது காட்டில் துப்பாக்கியோடு பதுங்கி இருந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

தங்கராஜு நூறு கஜம் ஓடினால் அவன் நிழல் அரை மணி கழித்து மூச்சிரைக்க வந்து சேரும். குலம் இறகுப்பந்தை ஓங்கி ஒரு அடி அடித்தால் அங்கே மலாக்கா தெங்கேராவில் கோழி முட்டையிடும். கோல்கீப்பர் சேகரனோ, போன ஞாயிறு செர்காம் ஊர்க்காரர்களிடம் ஒன்பது கோல் வாங்கியவன். அதில் ஒன்றை ஆடு முட்டித் தள்ளியதாகக் கேள்வி. மூவருமே முள்வேலிக்குக் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி விஜயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். சாமியைக்கூட அளந்து பார்த்துத்தான் கும்பிடுவார். ஓர் அடி ரூலரைத் தூக்கிக் காட்டினார்.

"ஒருத்தர் இதை மேல பிடிச்சுச் சொல்லாமல் விடுறது. மற்றவர் கீழ விரலை விரிச்சு வச்சுக் கவ்விப் பிடிக்கவேணும். எத்தனை இஞ்சு நழுவுதெண்டு நாளைக்குப் பாப்பம். குறைய நழுவவிட்டவன்ர கைதான் வேகம். விடுறதுக்குக் கை நடுங்காத ஆள் வேணும்."

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றும் கோமளாவைச் சொன்னார்கள். அவளுக்கும் சேகரனுக்கும் தைப்பூசத்திலிருந்து ஒரு இது என்பது யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சேகரன் பழகிப் பார்த்தான். ஏழு இஞ்சு. மறுபடி, ஏழரை.

"விடு கோமளா. ஒம்பது கோலு வாங்குனவன், இதையும் வாங்கிக்கிறேன்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ரூலரப் பாக்காதீங்க. என் கண்ணப் பாருங்க. இமை தாழ்ந்ததும் விரல மூடுங்க."

மறுநாள் தங்கராஜுவுக்கு நாலரை இஞ்சு, குலத்துக்கு நாலு, சேகரனுக்கு இரண்டு. கூட்டம் போட்ட கூச்சலில் ரப்பர் மரங்கள் மிரண்டு இரண்டு நாள் பால் தரவில்லை.

"அந்த ஆடு வந்தப்ப மட்டும் எங்கடா போச்சு இந்தக் கை?" என்றான் தங்கராஜு. கோமளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வராந்தாவில் நின்ற வெள்ளைக்கார மேனேஜர் துரையும் பார்த்துவிட்டார். அடுத்த நாளே உத்தரவு வந்தது. இனி துரையின் ஜீப்பில், முன் சீட்டில், துப்பாக்கியோடு சேகரன். அதற்குமுன் அந்த சீட்டில் போனவன் குண்டடிபட்டு மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"கிராணிகிட்ட உள்ளதச் சொல்லிடுறேன்," என்றாள் கோமளா.

"சொன்னா தங்கராஜு ஆயுசு பூரா என்னப் பாத்து 'மே'ன்னு கத்துவான். ஜீப்புல சும்மா உக்காந்து வர்றதுதானே லா."

அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை, மண்ரோட்டு வளைவில் காட்டுக்குள்ளிருந்து ஜீப்பைச் சுட்டார்கள்.

"குனிடான்னு கத்துனேன். என்னாண்ணேன்னு திரும்பிப் பாத்தான்," என்றார் டிரைவர் ராமையா. துரை பிழைத்துக்கொண்டார். சேகரன் உடம்பைக் கோமளாதான் துடைத்தாள். ஆஸ்பத்திரி வேலை என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

இழவு வீட்டில் கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட தோட்டத்திலயே வேகமான பெடியன். ரெண்டே இஞ்சு. அவனாலயே தப்ப ஏலாட்டி வேற ஆரால ஏலும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சுருண்டு கிடந்த சேகரனின் தாய் முத்தாயி, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கோமளாவின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"நீதானே புள்ள ரூலர விட்டவ. நீ சொல்லு. எம் மவன் மெத்தனமா இருந்து சாவலியே?"

ஏழரை இஞ்சும் கோமளாவின் தொண்டையில் குறுக்கே நின்றது. தை பிறந்தால் கூப்பிடலாம் என்று வைத்திருந்த 'அத்தை'யும் அங்கேயே நின்றது.

"இல்ல பெரியம்மா. அவர மாதிரி வேகம் நான் பாத்ததே இல்ல."

முத்தாயி கையை விடவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "இந்தப் புள்ளயக் கேளுங்க," என்றாள். பொழுது சாயும்வரை கோமளா சொல்லிக்கொண்டிருந்தாள்.