நாத்தனாரை வில்லியாக்க முடியாத கதை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, எனக்கு முடிவெட்டுபவருடையது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். பல மாதங்கள் கடைக்கு வராமலிருந்தவர் போன மாதம் திரும்பி வந்தார். என் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டார்.

“எழுதணும்னு தோணுதுல்ல? எழுதிக்கோங்க. ஆனா கடைசியில என்னைச் சாகடிச்சுடாதீங்க.”

“என் நாவல்ல யாரும் சாக மாட்டாங்க. ரொம்பப் போனா வெளிநாடு போவாங்க.”

2

முதல் வரி: ‘மாலை வெயில் சிட்டுவின் உள்ளங்கைகளில் செம்மையைப் பூசியபோது—’

(வேண்டாம். உள்ளங்கை ஏற்கெனவே சிவந்துதான் இருந்தது. அதில் வெயிலுக்குப் பங்கில்லை.)

நேராகவே சொல்கிறேன். குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வீட்டிலேயே விழுங்கும் கீமோ மாத்திரை. அதன் பக்கவிளைவாக உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, வெடித்துவிட்டன. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்க முடியவில்லை. எதைச் சாப்பிட்டாலும் இரும்பைச் சப்புவதுபோல இருந்தது. ஆனால் டாக்டர் கேட்கும்போதெல்லாம் சிட்டு சொன்ன பதில்: “நல்லா இருக்கேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா மாத்திரையைக் குறைச்சுடுவாங்க. குறைச்சா அது திரும்ப வந்துடுமோன்னு பயம்.”

* இங்கே வாசகருக்கு எரிச்சல் வரலாம். எனக்கும் வந்தது. பிறகு, வலியை வாய்விட்டுச் சொல்லாத என் நாயகிகளை நினைத்துப் பார்த்தேன். அவர்களை நாம் ‘பொறுமைசாலி’ என்று கொண்டாடியிருக்கிறோம்.

3

இனி நாத்தனார் வர வேண்டும். சிட்டுவின் கணவருக்கு அக்கா.

‘அவள் உதட்டில் ஒரு புன்னகை. அதற்குள்—’

(விஷம் என்று எழுதப்போனேன். பழக்கதோஷம். என் நாவல்களில் நாத்தனார் வந்தாலே வீடு இரண்டாகும். இதை வாசித்துக்காட்டியதும் சிட்டு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “எங்க அண்ணி அப்படி இல்லைங்க.” பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தேன். திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.)

நாத்தனார் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே மூலிகைப் பொடி. அவரோடு வேலை செய்யும் ஒருவரின் அப்பா அதைச் சாப்பிட்டுக் குணமானாராம். அவர் கூடவே வேறு என்ன சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

“எத்தனை நாளைக்குடி இப்படி வெந்துக்கிட்டிருப்ப? அதை விட்டுட்டு இதைச் சாப்பிடு.”

எரிச்சலைத் தாங்க முடியாத கட்டத்திலிருந்த சிட்டுவுக்கு அந்த வார்த்தையே போதுமாயிருந்தது. முழு மாத்திரை, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியாது. நிறுத்திவிடலாம் என்றார்.

“நிறுத்து. ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்து. ஓடி ஒளியறதுக்கு நாம என்ன திருடினோமா?” என்றார் நாத்தனார்.

4

“எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“நல்லா இருக்கேன்.”

“டாக்டர், கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவ இதே பதிலைத்தான் சொல்லிட்டிருக்கா,” என்றார் நாத்தனார். “செருப்பைக் கழட்டுடி.”

டாக்டர் குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

“ஏம்மா இதைச் சொல்லல?”

“குறைச்சுடுவீங்கன்னு.”

“குறைக்கத்தான் போறேன். முதல்ல நிறுத்தறோம். ஆறினதும் குறைச்சு ஆரம்பிக்கலாம். நிறைய பேருக்கு இப்படித்தான் செய்றோம். அதனால வைத்தியம் வீணாகாது. சொல்லாம தாங்கிக்கிறதுதான் ஆபத்து.”

நாத்தனார் டப்பாவை மேசைமேல் வைத்தார். “இது?”

“இதுல என்ன இருக்கு?”

“வேருங்க.”

“என்ன வேர்?”

நாத்தனார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை மாத்திரையோடு சேர்த்தால் ஈரலுக்குக் கெடுதலாகலாம் என்றார். “மாத்திரையை விட்டுட்டு இது மட்டும் போதும்னு என்னால சொல்ல முடியாது. முடிவு உங்களோடது.”

(இங்கே டாக்டருக்கு ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள்.)

5

கால் ஆறும்வரை நாத்தனார் சிட்டுவின் வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் சிட்டுவின் பாதங்களை மடியில் வைத்துக் களிம்பு தடவினார்.

“ஐயோ அண்ணி, விடுங்க. நீங்க போய் என் காலை…”

“சும்மா இரு. இதுல உன் காலு பெருமைப்பட்டுக்க ஒண்ணுமில்ல.”

குறைத்த மாத்திரையைத் தொடங்க வேண்டிய காலை வந்தது. மேசையில் மாத்திரை, பொடி டப்பா இரண்டும் இருந்தன. சிட்டு மாத்திரையை எடுத்தார். நாத்தனார் தண்ணீரை நீட்டினார், டப்பாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “எல்லாம் முடியட்டும். அப்புறம் டாக்டரை மறுபடி கேக்கறேன்.” பொடிமேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

6

ஸ்கேன் முடிவு அடுத்த வாரம் வரும். அதை முந்திக்கொண்டு எழுத எனக்கு உரிமையில்லை. பின்னே கதையை எப்படி முடிப்பது?

“அண்ணிகிட்ட ஒரு நன்றி சொன்னதில்லைங்க,” என்றார் சிட்டு. “நேர்ல சொன்னா திட்டுவாங்க. கதையில சொல்லவெச்சுடுங்க. உங்க புத்தகம் ஒண்ணு விடாம படிக்கிறவங்க அவங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் நாவல்களின் வில்லி நாத்தனார்கள் அத்தனை பேரையும் அந்த அம்மாள் படித்திருக்கிறார்.

அண்ணியின் பதிலை அடைப்புக்குள் போட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். சிட்டு அழுதுகொண்டே நன்றி சொல்கிறார். (“நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?”) நல்ல சால்வை ஒன்று வாங்கிக் கொடுக்கிறார். (“காசை ஏண்டி கரியாக்குற?”) ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொள்கிறார். (“கை இன்னும் எரியுதா? எங்க, காட்டு.”)

எப்படி எழுதினாலும் கடைசி வார்த்தை உங்களுடையதாகிவிடுகிறது, அண்ணி. அதனால் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். இந்தப் பக்கத்தை நீங்கள் படித்து முடிக்கும்போது சிட்டு எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார். அவர் எதையாவது சொல்ல வாயெடுப்பார். ஒரு நிமிடம், திட்டாமல் கேளுங்கள்.