அமாசிக் கிண்ணமும் என் டி செல்களும்

ஒன்பது வருடமாக எச்ஐவி என் ரத்தத்தில் குடியிருந்தது. ஒரு மாத்திரைகூட விழுங்காமல் அதை அடக்கி வைத்திருந்தேன். நான் என்று சொல்வது கொழுப்பு. அடக்கியவை என் டி செல்கள், ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்கள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் உம்லாசியில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது வாய்க்காது என்று ஆய்வுக்கூட டாக்டர் சொல்லி, என்னைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்ட நாள் முதல், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் எனக்கு அதே பேச்சுதான்.

"வைரஸ் புகுந்த செல், அதோட துணுக்கை வாசல்ல மாட்டி வெச்சிடும். என் ஆளுங்க ரோந்து வர்றப்ப தடவிப் பாப்பாங்க. திருடன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சா வீட்டையே இடிச்சிடுவாங்க. அவன் சட்டையை மாத்துவான். ஆனா மாத்தினா அவனே நொண்டியாகிற இடம் ஒண்ணு இருக்கு. என் ஆளுங்க பிடிக்கிறது அங்கதான்!"

"ந்தோசி," பக்கத்து வீட்டுக்காரர் என் குலப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், "அவங்கள்ல ரெண்டு பேரை என் கோழிக்கூண்டுக்கு அனுப்பேன்."

ஆய்வுக்கூடக் கடிதத்தை நான் பிரிப்பதில்லை. விருந்தாளிகள் முன்னால் என் மனைவி மாசோண்டி படிப்பாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். "அப்படியே இருக்காம்" என்பாள்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் நர்ஸ் சிஸ்டர் நோம்வூலா துள்ளிக் குதித்தார். "பாபா, போன வருஷம் வைரஸ் ஏறிடுச்சுன்னு பயந்தோமே, மாத்திரையே இல்லாம இறங்கிடுச்சு!"

"எப்ப ஏறிச்சு?"

"மாத்திரை ஆரம்பிக்கணும், வாங்கன்னு ரெண்டு கடிதம் போட்டோமே!"

அதிசயத்தை உறுதி செய்ய மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது: ரத்தத்தில் மாத்திரை மருந்து. ஆய்விலிருந்து என் பெயரை அடித்தார் சிஸ்டர். "எங்ககிட்ட ஏன் பொய் சொன்னீங்க, பாபா?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். மாசோண்டி மறைக்கவில்லை.

"பதினாலு மாசமா பொடிச்சு அமாசியில கலந்தேன். அக்கா பேர்ல வேற கிளினிக்ல வரிசை நின்னு வாங்கினது."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா முழுங்கியிருப்பீங்களா? ஊர் பூரா அளந்த வாய், மாத்திரைக்குத் திறக்குமா?"

திறந்திருக்காது. அதுதான் இன்னும் எரிந்தது.

புளித்த பாலான அமாசியை நாங்கள் கண்ட வீட்டில் சாப்பிடுவதில்லை. யார் எதைக் கலப்பார்களோ என்ற பயம். சொந்த வீட்டில் மட்டும்தான் வாய் வைப்போம். நான் மோந்துகூடப் பார்க்காத ஒரே கிண்ணம் அது. திருடன் நொண்டிக்கொண்டே புதுச் சட்டையில் தாண்டிப் போனதை என் ஆட்களும் எனக்குச் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. துணுக்கைத் தடவியே ஆளைக் கண்டுபிடிக்கும் பட்டாளத்தின் தலைவனுக்கு, எதிரில் உட்கார்ந்து கடிதம் படித்தவளின் முகம் பிடிபடவில்லை.

சாயங்காலம் கிண்ணத்தோடு வந்தாள்.

"மாத்திரையைக் கையில குடு" என்றேன்.

கொடுத்தாள். தண்ணீரோடு விழுங்கினேன். கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

வந்தவருக்குப் பீர் ஊற்றும்போது, நஞ்சில்லை என்று காட்ட வீட்டுப் பெண் முதல் வாய் குடிப்பது எங்கள் வழக்கம். மாசோண்டி கரண்டியை எடுத்து, என் அமாசியில் ஒரு வாய் அள்ளி, என்னைப் பார்த்தபடியே விழுங்கினாள். பிறகு கிண்ணத்தை என் பக்கம் திருப்பினாள்.

வயிறு பசியில் கத்தியது. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வரப் பார்த்தது.

கை மட்டும் நீளவில்லை.