உள்ளங்கையில் ஊறிய சிக்னல்

சங்ககிரி மலைக்குப் பின்புறம் மருதாசலத்துக்கும் ராசப்பனுக்கும் அடுத்தடுத்த தோட்டம். ஆனால் ஆகாயம் மட்டும் ஒன்றில்லை. மருதாசலம் வைத்திருந்தது மின்னல் சிம். அதன் டவர் மலைக்கு அந்தப்பக்கம். மலை குறுக்கே படுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு ஒரு புள்ளியைக்கூட விடுவதில்லை. ராசப்பனிடம் தென்றல் சிம். அது அங்கே ஆடிக்காற்று மாதிரி அடித்தது. அவர் கொல்லை முருங்கைக்காயை ஒடித்துக் காதில் வைத்தாலே 'அலோ' என்று கேட்கும் என்பது மருதாசலத்தின் வயிற்றெரிச்சல்.

"சிம்ம மாத்திப்போடுங்க" என்று மனைவி சுப்பம்மாள் சொல்லாத நாளில்லை. எப்படி மாற்றுவது? மின்னலைப்போல் உண்டா என்று ஊரெல்லாம் தூக்கிப் பேசியவரே அவர்தான்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. புனேயில் மகள் நர்மதாவுக்குப் பெண் குழந்தை. காலையில் வீடியோவில் காட்டுகிறேன் என்றிருந்தாள். முதலில் அப்பா நம்பர். கிடைக்காவிட்டால் ராசப்பன் நம்பர்.

ராசப்பன் விடிந்ததும் வேலியோரம் வந்து நின்றார். "மச்சான், நம்மூட்டுக்கே வந்துருங்க. பெரிய போனு வாங்கியிருக்கறன். புள்ள மொகம் மொறத்தாட்டம் தெரியும்."

"என்ற பேத்தி மொகத்த என்ற போன்லதான் பாப்பனுங்க. உங்க மொறத்துல நீங்க அரிசி பொடைங்க!"

சொல்லிவிட்டார். சிக்னலுக்கு எங்கே போவது?

மருதாசலம் லேசுப்பட்டவரில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடநாடெல்லாம் சுற்றி நீரோட்டம் பார்த்தவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக் கண்ணை மூடி நடப்பார். கை துடித்துத் தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் போர் போடுவார்கள். ராஜஸ்தானத்தில் அவர் குறித்த இடத்தில் ஒட்டகம் நீச்சல் பழகியது. இதற்கு ஒட்டகத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பூமிக்குள் ஓடுவதையே பிடித்த கைக்கு, மேலே ஓடுவது எம்மாத்திரம்?

போனை உள்ளங்கையில் படுக்க வைத்தார். கண்ணை மூடினார். நடந்தார்.

சோளக்காட்டில் கை சும்மா இருந்தது. கிணற்று மேட்டிலும் அசைவில்லை. வேலியின் சந்தில் நுழைந்து ராசப்பன் பக்கம் போனது அவருக்குத் தெரியவே இல்லை. சுப்பம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். மலை ஒதுங்கி வானம் திறக்கிற மூலையில் சட்டென்று கை நடுங்கியது. முழங்கை வரை ஏறியது.

"ஊறுது! ஊறுது!" என்று கத்தினார். "சுப்பு, சுண்ணாம்பு கொண்டா, கோடு போடு! எட்டு இஞ்சுத் தண்ணி!"

"தண்ணியுமில்ல, கிண்ணியுமில்லீங்க! போனு துடிக்குது! புள்ள கூப்படறா, எடுங்க!"

கண்ணைத் திறந்தார். பச்சையை அமுக்கினார். திரையில் ஏதோ சிவப்பாக, மங்கலாக நெளிந்தது. கண்ணாடி! ஒரு கையால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சட்டைப்பையைத் துழாவினார். கழுத்தில் சுடச்சுட ஆவி அடித்தது.

"ஐயோ அப்பா!" போனுக்குள் நர்மதா அலறினாள். "உங்க மூஞ்சிக்கு என்னப்பா ஆச்சு?"

தோளுக்கு மேலே ராசப்பனின் எருமை தலையை நீட்டி, திரையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நின்றது அதன் தண்ணீர்த் தாழியோரம்.

ராசப்பன் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஆரு போன்ல பாத்தா என்னுங்க மச்சான்? மொதல்ல பாத்தது எங்கூட்டு எருமயல்லோ!"

"பாப்பா இப்பத்தாம்ப்பா கண்ண முழிச்சுப் பாத்தா. நீங்க பாத்தீங்களா?" என்றாள் நர்மதா.

கண்ணாடி ஒருவழியாக மூக்கில் ஏறியபோது குழந்தை கண்ணை மூடியிருந்தது. மருதாசலம் எருமையை முறைத்தார். எல்லாம் பார்த்து முடித்த நிம்மதியில் அது அசைபோட்டது. தள்ளி நிற்கலாமென்று ஒரு எட்டு எடுத்து வைத்தார், படம் உறைந்தது. திரும்ப வந்தார், படமும் வந்தது.

"அங்கயே நில்லுங்க மச்சான், நவுந்தாப் போயிரும்" என்றார் ராசப்பன், ரொம்ப அக்கறையாக.

எருமையின் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு மருதாசலம் கெஞ்சினார்: "சாமி, என்ற கண்ணு, இன்னொருக்கா முழிச்சுப் பாரு சாமி. இந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருக்கறதுதான் தாத்தன்."